கியர் இல்லாத சைக்கிளில் தனியாக ஒரு நாள் நெடும்பயணம்: முழுமையான வழிகாட்டி

முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு ஃப்ரீவீல் (பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்), கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு. இப்படிப்பட்ட சாதாரண சைக்கிளில் காலையில் கிளம்பி 80, 90, 100 கிலோமீட்டர் மிதித்துவிட்டு அன்று மாலையே வீடு திரும்ப முடியும். உடல் ஆரோக்கியமாக இருக்கும் யாராலும் முடியும். ஆனால் முதல்முறை போகிறவர்களில் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், அதற்குக் கால் வலுவில்லாதது காரணம் என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் வேறு: கணக்கில்லாமல் கிளம்பியிருப்பார்கள், சீட் தாழ்வாக இருந்திருக்கும், முதல் ஒரு மணி நேரம் பறந்திருப்பார்கள்.

இந்த வண்டியில் கியர் மாற்ற முடியாது. மேடு வந்தாலும் எதிர்காற்று அடித்தாலும் விட்டுக்கொடுக்கக்கூடியது ஒன்றுதான், நேரம். அதனால் கீழே வருகிற ஒவ்வொரு படியும் நாளில் கொஞ்சம் நேரத்தை மிச்சம் வைப்பதற்காகவோ, அந்த மிச்சம் வீணாகாமல் காப்பதற்காகவோதான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. தூரத்தை மணிக்கணக்கில் முடிவு செய்யுங்கள்

"நூறு போடலாம்" என்று முதலில் எண்ணைச் சொல்லிவிட்டு அப்புறம் நேரத்தைத் தேடுவதுதான் வழக்கமான தவறு. தலைகீழாகச் செய்யுங்கள். வெளிச்சம் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று பார்த்து, அதற்குள் எவ்வளவு அடங்கும் என்று கணக்குப் போடுங்கள்.

சமதளத்தில், காற்று அதிகம் இல்லாதபோது, இந்த மாதிரி வண்டியில் நாள் முழுக்கத் தாங்கக்கூடிய வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 90 கிலோமீட்டருக்கு 6 மணி நேரம் மிதிக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 10 நிமிட ஓய்வு, மொத்தம் ஒரு மணி நேரம். சாப்பாட்டுக்கு 45 நிமிடம். ஒரு பஞ்சருக்கு அரை மணி. ஆக 8 மணி 15 நிமிடம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் பகல் 2.15-க்கு வீட்டில் இருப்பீர்கள், இருட்டுவதற்கு இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அந்த மூன்று மணி நேரம் உபரி என்று நினைத்து இன்னும் 30 கிலோமீட்டர் சேர்த்துவிடாதீர்கள். வழி தவறுவது, எதிர்காற்று, இரண்டாவது பஞ்சர் எல்லாவற்றுக்குமான சேமிப்பு அதுதான்.

இன்னொரு கணக்கு உங்கள் உடம்புக்கு. இதுவரை சிரமமில்லாமல் போன அதிகபட்ச தூரம் எவ்வளவோ, அதில் ஒன்றரை மடங்குக்கு மேல் போகாதீர்கள். 30 வரை போனவர் அடுத்து 45, அப்புறம் 65, அதற்குப் பிறகு 90. கால்களைவிட உட்காரும் இடமும் உள்ளங்கையும் கழுத்தும்தான் பழக நாள் எடுக்கும். அவை பழகாமல் நேரடியாக 90 போனால் கடைசி 40 கிலோமீட்டரும் வலிதான்.

2. பல் கணக்கைப் பாருங்கள்

சாக்பீஸால் ஒரு பல்லில் குறி வைத்து, முன் பல்சக்கரத்தின் பற்களையும் பின்னால் ஃப்ரீவீல் பற்களையும் எண்ணுங்கள். முன்னால் 44, பின்னால் 18 என்பது அடிக்கடி பார்க்கக்கூடிய சேர்க்கை. 28 அங்குலச் சக்கரத்தில் இது பெடல் ஒரு சுற்றுக்கு சுமார் 5.4 மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

கடைக்குப் போய்வர இது சரி. நாள் முழுக்க என்றால் கொஞ்சம் கனம். 15-இல் போக நினைக்கிறீர்கள், ஆனால் வண்டி நிமிடத்துக்கு 46 சுற்றில் அழுத்தி மிதிக்க வைக்கும், ஒவ்வொரு மிதியிலும் முட்டிக்குச் சுமை கூடும். பின்னால் 20 பல் போட்டால் அதே 60 சுற்றுக்கு 17.5 கிலோமீட்டர், 22 போட்டால் 16. மேடும் காற்றும் உள்ள பாதையாக இருந்தால் ஃப்ரீவீலை மாற்றிவிடுங்கள். நெடும்பயணத்துக்காக இந்த வண்டியில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

18-லிருந்து 20-க்குப் போனால் பின் அச்சு கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் அளவு முன்னால் நகர வேண்டியிருக்கும். அச்சு உட்காரும் பிளவில் அந்த இடம் இருந்தால் பழைய செயினே போதும், இல்லையென்றால் செயினில் கண்ணி சேர்க்க வேண்டும். ஃப்ரீவீலைக் கழற்றத் தனிக் கருவியும் நல்ல பிடியும் தேவை, கடையில் கொடுத்துச் செய்துகொள்வதே மேல். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே செய்யுங்கள், காலும் புதுக் கணக்குக்குப் பழக வேண்டுமல்லவா.

3. சீட் உயரம்

புதிதாக வருபவர்களின் வண்டியைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது இதுதான். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்று தாழ்த்தி வைத்திருப்பார்கள். நெரிசலில் ஓட்ட அது வசதி. நெடுந்தூரத்தில் முட்டி எப்போதும் மடங்கியே இருக்கும், தொடை சீக்கிரம் எரியும்.

சுவரோரம் சாய்ந்து வண்டியில் ஏறுங்கள். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், அதேசமயம் இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அதுதான் உங்கள் உயரம். மிதிக்கும்போது குதிகாலால் மிதிக்க மாட்டீர்கள், முன்பாதம்தான் பெடலில் இருக்கும், அப்போது முட்டி லேசாக மடங்கிச் சரியாக வரும். சீட் கம்பியில் அதிகபட்ச உயரக் கோடு இருந்தால் அதைத் தாண்டி உயர்த்தாதீர்கள், கம்பி வளையும் அல்லது உடையும்.

பழகும் நாட்களில் முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு என்று பொருள், பின்பக்கம் வலித்தால் உயரம். அரை சென்டிமீட்டராக மாற்றிப் பாருங்கள். சீட் மட்டமாக இருக்கட்டும். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடல் முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைத் தடுக்கக் கை நாள் முழுக்க உழைக்கும், சாயங்காலம் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும்.

பயணத்துக்கு முந்தைய ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். புதுச் சீட், புதுச் செருப்பு, புதுக் கால்சட்டை எதுவும் வேண்டாம்.

4. ஒரு வாரம் முன்பே வண்டியைச் சோதியுங்கள்

ஏன் ஒரு வாரம்? கை வைத்த நட்டு, புதிதாகப் போட்ட காட்டர் பின் (பெடல் கையை அச்சோடு பிணைக்கும் ஆணி), பெண்டு எடுத்த, அதாவது கோணல் நிமிர்த்திய வீல் எல்லாம் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு தளரும். சரிசெய்த பிறகு 20 கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்து மறுபடி முடுக்க அவகாசம் வேண்டும். முந்தைய நாள் மாலை சர்வீஸ் செய்து மறுநாள் காலை கிளம்புவதைவிட, செய்யாமலே கிளம்புவது சில நேரம் பரவாயில்லை.

முதலில் சக்கரம். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது கூடிக் குறைந்தால் பெண்டு எடுக்க வேண்டும். ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள், தளர்ந்த கம்பியின் ஓசை மட்டும் மந்தமாக இருக்கும். ரிம்மைப் பிடித்து இடவலமாக ஆட்டினால் 'டக் டக்' என்று அசைகிறதா? அப்படியென்றால் கோன் (அச்சில் பால்ஸைத் தாங்கும் கூம்பு வடிவ நட்டு) தளர்ந்திருக்கிறது.

அடுத்து கிராங்க், அதாவது பெடல் மாட்டியிருக்கும் கை. இரண்டு பக்கத்துக் கைகளையும் பிடித்து எதிரெதிராக அசைத்துப் பாருங்கள். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரு தட்டல் தெரிந்தால் காட்டர் பின் தேய்ந்திருக்கலாம். அதோடு 90 கிலோமீட்டர் ஓட்டினால் பின் மட்டுமில்லாமல் கிராங்கின் துளையும் கெட்டுப்போகும்.

செயினில் இரண்டு விஷயம். புதுச் செயினில் ஒரு ஊசியின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள ஊசியின் நடு வரை சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12 அங்குலத்துக்கு மேல் அரைக்கால் அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டர் கூடியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். இரண்டாவது இறுக்கம். நடுவில் விரலால் தூக்கினால் மேலும் கீழுமாக ஒரு சென்டிமீட்டர் ஆட வேண்டும். பெடலை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பல இடத்தில் பாருங்கள், பல்சக்கரம் மிகச் சரியான வட்டமாக இருப்பது அபூர்வம், ஒரு இடத்தில் இறுகும், ஒரு இடத்தில் தளரும். இறுகும் இடத்தை வைத்தே இறுக்கத்தை முடிவு செய்யுங்கள். அதிகம் இறுகினால் மிதிப்பது கனக்கும், தளர்ந்தால் செயின் கழன்று விழும். முழுச் செயின் கவர் உள்ள வண்டியில் வழியில் செயினை மாட்டுவது எவ்வளவு எரிச்சல் என்று செய்தவர்களுக்குத் தெரியும்.

ஃப்ரீவீல் எப்போதாவது பிடிக்காமல் முன்பக்கம் நழுவுகிறதா? யோசிக்காமல் மாற்றுங்கள். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது அது நழுவினால் நேராக ஹேண்டில் பாரின் மேல் விழுவீர்கள்.

பிரேக் கட்டை ரிம்மை மட்டும் தொட வேண்டும், டயரில் உரசக் கூடாது. டயரின் பக்கவாட்டில் வெடிப்பு, நூல் தெரியும் இடம் இருந்தால் மாற்றிவிடுங்கள். காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். காற்றுக் குறைந்த டயரில் நாள் முழுக்க மிதிப்பது வீண் உழைப்பு, பள்ளத்தில் ரிம் இடித்து டியூபில் இரட்டை ஓட்டை விழவும் வாய்ப்பு உண்டு.

5. பாதையும் காற்றும்

முடிந்தால் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று பாதையை அமையுங்கள். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, காலையில் "இன்று கால் நன்றாக ஓடுகிறதே" என்று மகிழ்ந்து கூடுதல் தூரம் போய்விடுகிறார்கள். பின்காற்று முதுகில் தெரியாது, திரும்பும்போதுதான் தெரியும். பொதுவாக வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், ஆகவே வரும்போது சந்திக்கும் எதிர்காற்று காலையில் இருந்ததைவிடப் பலமாகவே இருக்கும்.

நெடுஞ்சாலையைவிட அதற்கு இணையாக ஓடும் சின்னச் சாலை நல்லது, ஐந்து கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை. பாதையில் தண்ணீர் எங்கே கிடைக்கும், சைக்கிளோடு வேறு வண்டி பிடித்துத் திரும்ப வழி எங்கே இருக்கிறது என்று 20 கிலோமீட்டருக்கு ஒன்றாவது குறித்துக்கொள்ளுங்கள். போனில் வரைபடம் இருந்தாலும் ஊர்ப் பெயர்களையும் திருப்பங்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

தனியாகப் போவதால் இது கட்டாயம்: ஒருவரிடம் பாதையையும், எங்கெங்கே எத்தனை மணிக்கு இருப்பீர்கள் என்பதையும், எத்தனை மணி வரை தகவல் வராவிட்டால் அவர் தேட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். அந்தக் கடைசி மணியைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்லியும் பயனில்லை, அவர் இரவு பத்து வரை "வந்துவிடுவான்" என்று காத்திருப்பார்.

6. எடுத்துப்போவதும் கட்டுவதும்

பின் அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், ஒரு சின்ன அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், டயர் லீவர் இரண்டு, பஞ்சர் பேட்ச், உப்புத்தாள், சொல்யூஷன், மாற்று டியூப் ஒன்று, கைப் பம்பு, பழைய துணி, கொஞ்சம் கட்டுக்கம்பி. வால்வு டியூப் போடுகிற வகை வண்டி என்றால் அந்த ரப்பரில் இரண்டு துண்டு கூடுதலாக. சொல்யூஷன் பிரிக்காததாக இருக்கட்டும், ஒருமுறை திறந்தது மூடி வைத்தாலும் உள்ளே காய்ந்துவிடும், அது நடுவழியில்தான் தெரியவரும். பம்பை வீட்டிலேயே உங்கள் வால்வில் மாட்டிக் காற்றடித்துப் பாருங்கள். வால்வுக்குப் பொருந்தாத பம்போடு கிளம்புபவர்களை நிறையப் பார்க்கலாம்.

இவற்றோடு முன்விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பூட்டு, பணம், அடையாள அட்டை, சார்ஜ் முழுதாக ஏற்றிய போன், காயத்துக்குப் போடும் மருந்துத் துணி. பகலிலேயே திரும்பிவிடுவேன் என்று விளக்கை விட்டுவிடாதீர்கள், திட்டம் தப்பினால் முதலில் தேவைப்படுவது அதுதான்.

எல்லாம் கேரியரில். முதுகில் பை மாட்டினால் அந்தக் கனம் முழுவதும் உட்காரும் எலும்பில் இறங்கும், முதுகும் வியர்வை காயாமல் புழுங்கும். கனமானது அடியில், அடிக்கடி எடுப்பது மேலே, தண்ணீர் நிற்காமலே கைக்கு எட்டும் இடத்தில். கயிற்றால் கட்டினால் கடைசி முனையைத் திருப்பி உள்ளே செருகி ஒரு முடிச்சுப் போடுங்கள். ஒரு சாண் முனை தொங்கினாலே போதும், அது ஸ்போக்ஸில் மாட்டி அச்சில் சுற்றிக்கொண்டு பின் சக்கரத்தையே நிறுத்திவிடும், அப்புறம் கத்தியால் ஒவ்வொரு சுற்றாக அறுத்து எடுக்க வேண்டும்.

7. புறப்படும் காலை

முந்தைய இரவே செயினுக்கு எண்ணெய் விட்டு வெளிப்பக்கம் துடைத்துவிடுங்கள், மேலே நிற்கும் எண்ணெய் மண்ணைத்தான் பிடிக்கும். காலையில் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை: டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னால் தள்ளிப் பாருங்கள், இரண்டு அச்சு நட்டுகளையும் தொட்டுப் பாருங்கள், விளக்கைப் போட்டு அணையுங்கள். எளிதில் செரிக்கும் ஏதாவது கொஞ்சம் சாப்பிடுங்கள், வயிறு முட்ட வேண்டாம். கால்சட்டையின் தடித்த தையல் சீட்டில் படும் இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடை உரசும் இடத்தில் வாசலைன் தடவிக்கொண்டு கிளம்பலாம்.

முதல் வெளிச்சத்தில் கிளம்புங்கள். காலையில் தள்ளிப்போகும் ஒவ்வொரு அரை மணியும் பகலில் வெயிலிலும் காற்றிலும் மிதிக்க வேண்டிய அரை மணி.

8. முதல் ஒரு மணி நேரம்

இங்கேதான் நாள் கெடுகிறது. கால் புதிதாக இருக்கும், காற்று இருக்காது, வெயில் இருக்காது, வண்டி 20-இல் ஓடும். போகட்டுமே என்று தோன்றும். போக விடாதீர்கள். தசையில் சேமித்திருக்கும் மாவுச்சத்து அளவானது, வேகமாகப் போனால் உடல் அதைத்தான் அதிகம் எரிக்கும், நான்காவது மணி நேரத்தில் அது இல்லாதபோது சாப்பிட்டாலும் உடனே ஈடாகாது.

அளவுகோல் எளிது. தனியாகத்தானே போகிறீர்கள், ஒரு நீளமான வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். நடுவில் மூச்சு வாங்காமல் முடித்துவிட்டால் வேகம் சரி.

முதல் அரை மணியில் ஒருமுறை கட்டாயம் நில்லுங்கள், களைப்பு இல்லாவிட்டாலும். குலுங்கியதில் மூட்டை நகர்ந்திருக்கும், கயிறு தளர்ந்திருக்கும், ஏதாவது ஒரு நட்டு முனகத் தொடங்கியிருக்கும். வீட்டுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே அதைக் கண்டுபிடிப்பது நல்லது.

9. தண்ணீர், சாப்பாடு

தாகம் வந்தால் குடிக்கலாம், பசி வந்தால் சாப்பிடலாம் என்று இருந்தால் இரண்டுமே தாமதமாகத்தான் வரும். மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்பது தொடக்கக் கணக்கு, வெயிலில் அதற்கு மேல். ஒரே மூச்சில் குடிக்காமல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மிடறு. ஆனால் வியர்த்துக்கொட்டும் நாளில் வெறும் தண்ணீராகவே லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், தலைவலியும் குமட்டலும் வரும். அதனால் உப்புள்ள தின்பண்டமோ ஓ.ஆர்.எஸ். பொட்டலமோ கையில் இருக்கட்டும். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீரில் கலக்கச் சொல்லியிருக்கிறதோ அவ்வளவில் கலக்குங்கள், சின்னப் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டினால் அது தாகத்தைக் கூட்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர் மஞ்சள் என்றால் பின்தங்கியிருக்கிறீர்கள்.

சாப்பாட்டில் மணிக்கு 30-லிருந்து 60 கிராம் வரை மாவுச்சத்து போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும், அதை வைத்துக் கணக்கிடுங்கள். முதல் மணி முடிந்ததும் தொடங்கிவிடுங்கள். நடுப்பகலில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு உடனே ஏறி மிதித்தால் வண்டி நகராது, பாதி வயிறு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபாதியைச் சாப்பிடுங்கள்.

10. மேடு, எதிர்காற்று, இறக்கம்

மேட்டில் இறங்கித் தள்ளுவதை அவமானமாக நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். அரை கிலோமீட்டர் மேட்டை மணிக்கு 7 கிலோமீட்டரில் திணறித் திணறி மிதித்தால் 4 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இறங்கி 4.5-இல் தள்ளினால் 6 நிமிடம் 40 நொடி. வித்தியாசம் இரண்டரை நிமிடம்கூட இல்லை. அந்த இரண்டரை நிமிடத்துக்காக முட்டியைக் கொடுக்காதீர்கள். பெடல் நிமிடத்துக்கு 40 சுற்றுக்குக் கீழே போய், ஒவ்வொரு மிதிக்கும் ஹேண்டில் பாரை இழுக்க வேண்டி வந்தால் இறங்கிவிடுங்கள். குட்டி மேட்டுக்கு எழுந்து நின்று மிதிக்கலாம், உடல் எடை காலுக்கு உதவும், சீட்டிலிருந்தும் ஓய்வு. நிற்காத வண்டியிலிருந்து அவசரமாகக் குதிக்காதீர்கள், வேகம் முழுதாகச் சாகும் முன்பே இறங்க முடிவு செய்துவிடுங்கள். தள்ளும்போது நடப்பது வேறு தசைகளுக்கு வேலை கொடுக்கும், உட்கார்ந்த இடத்துக்கு ரத்தம் ஓடும். மேல் போய்ச் சேரும்போது முன்பைவிடப் புதிதாக இருப்பீர்கள், இது உண்மை.

எதிர்காற்று மேட்டைவிட மோசம், ஏனென்றால் முடிவு கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் 15-இல் போக, எதிரே 15-இல் காற்று வந்தால் உடம்பில் படுவது 30, காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை எதிர்த்து 15-ஐப் பிடித்து வைக்க முயல்வது வீண். 10-க்கு இறங்கிவிடுங்கள். முழங்கையை மடக்கித் தலையைத் தாழ்த்துங்கள், படபடக்கும் சட்டையை இறுக்கிக்கொள்ளுங்கள். வேகத்தைப் பார்க்காமல் மூச்சை மட்டும் கவனித்து ஓட்டுங்கள், இதற்குத்தானே முதல் படியில் மூன்று மணி நேரம் ஒதுக்கினோம்.

இறக்கத்தில் வேகம் ஏறிய பிறகு பிரேக் தேடாதீர்கள், தொடக்கத்திலேயே பிடித்து விட்டுப் பிடித்துப் போங்கள். நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் முதலில் பிடிக்கவே பிடிக்காது. மழையில் நிற்க வேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே லேசாகப் பிடித்துத் தண்ணீரை வழித்துவிட்டு, அப்புறம் அழுத்துங்கள்.

இடையிடையே கையை ஹேண்டில் பார் மேல் இடம் மாற்றி வையுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சீட்டிலிருந்து எழுங்கள்.

11. பஞ்சர்: சக்கரத்தைக் கழற்றாமல்

பின் சக்கரத்தைக் கழற்றினால் ஸ்டாண்டு, கேரியர் கம்பி, மட்கார்டு கம்பி, செயின் எல்லாம் கூடவே வரும். திரும்ப மாட்டும்போது சக்கரம் கோணலாக உட்காரும். டியூப் ஒட்ட அதற்கு அவசியமே இல்லை.

சாலையை விட்டு நன்றாகத் தள்ளி, நிழலில், சமமான இடத்தில் நிறுத்துங்கள். சக்கரத்தை மெதுவாகச் சுற்றி டயரில் ஆணியோ முள்ளோ கண்ணாடியோ தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள், அந்த இடத்தில் டயரின் பக்கவாட்டில் குறி வையுங்கள், ஓட்டையைத் தேடும் வேலை முடிந்தது. பிறகு மிச்சக் காற்றை இறக்கி, டயரின் ஒரு பக்க விளிம்பைச் சுற்றிலும் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்குங்கள். இது செய்தால்தான் லீவர் சுலபமாக ஏறும். ஒரு பக்கத்தை மட்டும் வெளியே எடுத்து, குறி வைத்த இடத்தில் டியூபை உருவுங்கள். இடம் தெரியவில்லையென்றால் வால்வை ரிம்மிலிருந்து கழற்றி டியூப் முழுவதையும் வெளியே எடுத்துக் கொஞ்சம் காற்றடித்து, கன்னத்துக்கு அருகில் வைத்து மெதுவாக நகர்த்துங்கள், கைக்குத் தெரியாத மெல்லிய காற்றும் கன்னத்தில் தெரியும்.

ஓட்டையைச் சுற்றி, பேட்சைவிடக் கொஞ்சம் பெரிதாக, உப்புத்தாளால் தேயுங்கள். டியூப் வார்க்கும்போது விழுந்த மேட்டுக்கோடு அந்த வழியே போனால் அது முழுதாக மட்டமாகும்வரை தேய்க்க வேண்டும், இல்லையென்றால் கோட்டின் ஓரமாகக் காற்று தப்பிவிடும். தூசியைத் துடைத்து, சொல்யூஷனை மெல்லிய படலமாகப் பூசுங்கள். இப்போது காத்திருங்கள். எல்லோரும் கெடுக்கும் இடம் இதுதான். சொல்யூஷன் ஈரமாகப் பளபளக்கும்போதே பேட்சை வைத்தால் அது வழுக்கும், ஓரம் ஒட்டாது. அந்தப் பளபளப்பு போய் மேற்பரப்பு மங்கலாகி, ஓரத்தில் விரல் வைத்தால் ஒட்டி விடுபடும், ஆனால் விரலில் எதுவும் வராது. நான்கைந்து நிமிடம் ஆகும், ஈரமான காற்றில் அதற்கு மேலும். அப்போது பேட்சை வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள்.

அந்தக் காத்திருப்பு நேரத்தில் டயரின் உட்பக்கத்தைத் துணியால் முழுச் சுற்றும் துடைத்துப் பாருங்கள். துணி மாட்டும் இடத்தில் முள் இருக்கிறது. வெறும் விரலால் தேடினால் கண்ணாடி கீறும். குத்தியதை எடுக்காமல் டியூபைப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்குள் மறுபடி இதே வேலை.

டியூப் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே போடுங்கள், மடிப்பு விழாது. விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள், கடைசிப் பகுதியைக் கையாலேயே தள்ளி ஏற்றுங்கள். அங்கே லீவர் போட்டுத்தான் புதிதாக ஒட்டிய டியூபில் புது ஓட்டை விழுகிறது. வால்வை உள்ளே ஒருமுறை தள்ளி விடுங்கள், டயருக்கு அடியில் டியூப் சிக்கியிருந்தால் விடுபடும். பிறகு முழுக் காற்று.

ஓட்டை வால்வின் அடியிலேயே இருந்தாலோ டியூப் நீளமாகக் கிழிந்திருந்தாலோ ஒட்ட முடியாது. மாற்று டியூபுக்குச் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றுவதற்கு முன் நட்டு, வாஷர், கம்பி எந்த வரிசையில் இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

12. திரும்பும் நேரம்

இடத்தை வைத்துத் திரும்பாதீர்கள், மணியை வைத்துத் திரும்புங்கள். காலை 6 மணிக்குக் கிளம்பி, மாலை 5-க்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்றால், 11 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். போன ஐந்து மணி நேரத்துக்கு வர ஆறு மணி நேரம். போக நினைத்த இடம் இன்னும் நான்கு கிலோமீட்டர்தான் என்றாலும் திரும்புங்கள், அந்த நான்கு என்பது எட்டு.

பாதியில் நிறுத்துவதற்கான அறிகுறிகளைக் கிளம்பும் முன்பே முடிவு செய்து வையுங்கள், ஏனென்றால் களைத்த மூளை "இன்னும் கொஞ்சம்" என்றுதான் சொல்லும். வெயிலில் உடல் சிலிர்ப்பது, தலை சுற்றுவது, வாந்தி, பேச்சு குழறுவது, வழியைப் பற்றிக் குழப்பம் இவற்றில் எது வந்தாலும் நிழலில் உட்கார்ந்து உடம்பை நனைத்துக் குளிர்வித்து, யாரையாவது அழைத்துவிடுங்கள். அருகில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். குழப்பமோ குழறலோ இருந்தால் அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். முட்டியில் கூர்மையான வலி வந்தால் அன்று மிதிப்பது முடிந்தது, குறித்து வைத்த அடுத்த இடத்தில் வேறு வண்டி பிடியுங்கள். வெறும் களைப்பும் சலிப்பும் அப்படி இல்லை, பத்து நிமிடம் உட்கார்ந்து எதையாவது சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும்.

கடைசிப் பத்து கிலோமீட்டர் பழகிய சாலை என்பதால் கவனம் நழுவும். போக்குவரத்தும் அந்த நேரத்தில்தான் கூடியிருக்கும். வீட்டுக்கு அருகில் வந்துவிட்டோம் என்று வேகம் கூட்டாமல், அதற்கு முன்னால் ஒருமுறை நின்று தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். வெளிச்சம் மங்கத் தொடங்கும்போதே விளக்கைப் போடுங்கள்.

13. வீட்டுக்கு வந்த பிறகு

யாரிடம் சொல்லிவிட்டுப் போனீர்களோ அவருக்கு முதலில் தகவல். பிறகு குளித்து, சீட் உரசிய இடத்தைக் கழுவி ஈரமில்லாமல் துடையுங்கள், வியர்வையோடு அப்படியே உட்கார்ந்திருந்தால் அங்கே கொப்புளம் வரும். உப்போடு நன்றாகச் சாப்பிடுங்கள்.

வண்டியை மறுநாள் பார்க்கலாம். ஒட்டிய டியூபில் காற்று நிற்கிறதா, எந்த நட்டு தளர்ந்திருக்கிறது, செயின் எவ்வளவு தொங்குகிறது என்று பாருங்கள். தாளில் எழுதியிருந்த மணிகளுக்குப் பக்கத்தில், உண்மையில் எத்தனை மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்பதை எழுதுங்கள். மிதித்த நேரம் கணக்கோடு ஒத்துப்போகும், நின்ற நேரம்தான் கூடியிருக்கும். அடுத்த பயணத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிட ஓய்வு என்பதற்குப் பதிலாக, உங்களுக்கு உண்மையில் ஆன அளவை வைத்துக் கணக்குப் போடுங்கள்.